திறந்த உலக கேம்களில் (விருப்பப்படி எங்கும் சுற்றித் திரியக்கூடிய வீடியோ கேம்களில்) சில நகரங்கள் மட்டும் ஏன் பிரமாண்டமாகத் தெரிகின்றன?

என்னைக் கேட்டால், எத்தனை வீடு கட்டியிருக்கிறார்கள் என்பதைவிட நாங்கள் அங்கே போய்ச் சேரும் விதம்தான் முக்கியம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குப் போனவர்களுக்கு இது விளங்கும். கீழே நிற்கும்வரை அணைக்கட்டு மட்டும்தான். ஏறி நின்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அவ்வளவு நேரம் மறைந்திருந்ததால்தான் அந்த விரிவு மூச்சை அடைக்கிறது.

2011இல் வந்த ஸ்கைரிம் கேமில் வைட்ரன் உண்மையில் சின்ன ஊர். ஆனால் வெட்டவெளியில், மேட்டு உச்சியில் மாளிகை நிற்பதால் வெகு தூரத்திலிருந்தே அதைப் பார்த்தபடி நடக்கிறோம். வாசலில் கேமை நிறுத்தி எங்களைக் காக்க வைக்கும் லோடிங் திரைதான் அந்த மயக்கத்தைக் கலைக்கிறது.

2015இன் விட்சர் 3 கேம் இங்கேதான் ஒரு படி மேல். வயல், குடிசை, சேற்றுப் பாதை, பிறகு மதில், அதற்குப் பிறகு நோவிகிராட் நகரத் தெருக்கள். இடையில் எதுவும் அறுபடாது. முறிகண்டியில் பஸ் நின்று, பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினால் கிளிநொச்சி கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குமே, அதே உணர்வு.

சனமும் வேண்டும். சும்மா நிற்கிற சனம் போதாது. மீன் விற்கிறவர், சண்டை பிடிக்கிறவர், எங்களைத் திரும்பியே பாராமல் தன் வேலையாய்ப் போகிறவர்.