ரக்கூனுக்கும் வறட்சிக்கும் நடுவே ஒரு காய்கறித் தோட்டம்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ரக்கூனைப் பற்றி (முன்னங்காலைக் கை மாதிரி பயன்படுத்தி இரவில் திருடும் வட அமெரிக்கப் பிராணி), மீதி தண்ணீரைப் பற்றி. இரண்டையும் கலந்தே பதில் சொல்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கேள்வி: இன்னும் இரண்டு நாளில் பறிக்கலாம் என்று விட்டுவைத்த மக்காச்சோளக் கதிர்கள் ஒரே ராத்திரியில் நாசம். தண்டுகளைச் சாய்த்துப் போட்டு, கதிருக்கு நாலு கடி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அல்ட்ராசோனிக் விரட்டி, இருட்டில் சிவப்பாக மின்னும் சோலார் விளக்கு, பாட்டிலில் அடைத்த நரி மூத்திரம் என்று மூன்று சாமான்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்குவது?

பதில்: மூன்றையும் வாங்க வேண்டாம்.

முதலில் திருடன் யார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் ரக்கூனுடையதுதான். கதிரில் பால் பிடித்து இனிப்பு ஏறும் நாள் நம்மைவிட அதற்கு நன்றாகத் தெரியும். தண்டைச் சாய்த்து, தோலைக் கிழித்து, கொஞ்சம் தின்றுவிட்டு அடுத்த கதிருக்குப் போய்விடும். முலாம்பழம், தர்பூசணி என்றால் பக்கவாட்டில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, கையை விட்டு உள்ளே இருப்பதை வழித்துத் தின்றிருக்கும். மேலே இருந்து பார்த்தால் பழம் முழுசாகத் தெரியும். தூக்கினால்தான் வெறும் ஓடு என்று புரியும். மான் இப்படிச் செய்யாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் மானுக்கான உயரமான வேலியை வாங்கிக் கட்டுவீர்கள், ரக்கூனுக்கு அது ஏணி.

அல்ட்ராசோனிக் விஷயத்தில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே 2001-ல் தலையிட்டது. பூச்சி, எலி விரட்டுவதாகச் சொல்லி இந்தக் கருவிகளைத் தயாரிப்பவர்கள், விற்பவர்கள் என்று 60-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது: சொல்கிற பலனுக்கு அறிவியல் ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்று. பெட்டியில் 'ரக்கூன்' என்று சேர்த்து அச்சடித்துவிட்டதால் மட்டும் அது வேலை செய்துவிடாது. மின்னும் விளக்கைப் பற்றி என்ன சொல்ல? தெருவிளக்கு வெளிச்சத்தில் நின்று குப்பைத்தொட்டி மூடியைத் திறக்கிற பிராணி அது. மூத்திர பாட்டில் ஒரு மழைக்கோ நாலு நாள் பனிக்கோ தாங்காது, திரும்பத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். விற்பவருக்கு அதில் வருத்தம் இருக்காது.

கூடவே ஒன்று: அந்துருண்டையைப் பாத்தியில் போடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். அது துணிப் பெட்டிக்குள் மூடி வைக்கத் தயாரித்த ரசாயனம். அமெரிக்காவில் லேபிளில் சொல்லாத விதமாகத் தோட்டத்தில் போடுவது சட்டப்படியே தவறு. மண்ணும் கெடும், குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போட்டாலும் ஆபத்து.

மிச்சம் இருக்கும் கதிர்களைக் காப்பாற்ற ஒரே ஒரு சாமான் வாங்குங்கள்: உள்ளே நூலிழை ஓடுகிற பார்சல் டேப். கதிரின் நுனிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சுற்று, அடிப்பக்கம் ஒரு சுற்று, அப்படியே தண்டோடு சேர்த்து இறுக்கி ஒரு சுற்று. இழை இருப்பதால் அதைக் கிழிக்க முடியாது, தண்டோடு கட்டியிருப்பதால் பிடுங்கவும் சிரமம். சாதாரண டேப் இதற்கு ஆகாது. கதிரின் நுனியில் தொங்கும் பட்டுநூல் காய்ந்து பழுப்பான பிறகு சுற்றுங்கள். அதற்கு முன் சுற்றினால் மகரந்தம் சேராமல் மணி பிடிக்காது. பத்து இருபது கதிருக்கு இது சரி, பெரிய பாத்திக்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: மின்வேலிதான் ஒரே வழி என்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பயமாக இருக்கிறது. வாங்குவதாக இருந்தால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: ஒரே வழி என்று சொல்லமாட்டேன். ஆனால் காசுக்குப் பலன் தருவதில் அதை மிஞ்ச வேறு இல்லை. ரக்கூனுக்கு உயரமான வேலி தேவையே இல்லை. தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் ஒரு கம்பி, 30 செ.மீ. உயரத்தில் ஒரு கம்பி, அவ்வளவுதான். பெரியவர்கள் அலட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போகலாம்.

காசு கொடுக்கும் முன் உங்கள் நகராட்சியிடம் கேளுங்கள். குடியிருப்புப் பகுதியில் மின்வேலியே கூடாது என்று விதி வைத்திருக்கும் ஊர்கள் நிறைய. அனுமதி உண்டு என்றால் எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு முழுக்க எனர்ஜைசர் என்கிற அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அது விநாடிக்கு ஒரு முறை மாதிரி, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக ஒரு துடிப்பு மட்டும் அனுப்பும். சுளீர் என்று வலிக்கும், விட்டுவிடும். மின்வேலி எனர்ஜைசருக்கென்று ஐஇசி 60335-2-76 என்ற சர்வதேசத் தரநிலை உண்டு. அந்த எண்ணோ, உங்கள் நாட்டின் அதற்கு இணையான முத்திரையோ பெட்டியில் இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வீட்டு பிளக்கிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம். யார் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அதைச் செய்ய விடாதீர்கள்.

பெட்டியில் பெரிய எழுத்தில் '10 மைல் வேலிக்குப் போதும்' என்று இருக்கும். கம்பியில் ஒரு புல் கூடப் படாத, ஒற்றைக் கம்பி ஓடுகிற கனவுத் தோட்டத்துக்கான கணக்கு அது. நீங்கள் பார்க்க வேண்டியது ஜூல் அளவு, அதாவது ஒரு துடிப்பில் இருக்கும் சக்தி. அதிலும் 'சேமிப்பு ஜூல்' என்று ஒன்று, 'வெளியீட்டு ஜூல்' என்று ஒன்று போட்டிருப்பார்கள். வெளியீட்டு ஜூலைத்தான் ஒப்பிட வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு அரை ஜூலுக்குள் இருந்தாலே தாராளம். சோலார் மாடல் எடுத்தால் உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாற்ற முடியாததென்றால் பேட்டரி போகும் நாளில் பெட்டியும் குப்பைக்குப் போகும். வேலி டெஸ்டர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். வேலியின் கடைசி மூலையில் 3,000 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும்.

வறட்சி இங்கேதான் உள்ளே வருகிறது. ரக்கூனுக்கு ஷாக் அடிக்க வேண்டுமென்றால் மின்சாரம் கம்பியிலிருந்து அதன் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்பி வர வேண்டும். மண் காய்ந்து பொடியாகிவிட்டால் அந்தத் திரும்பும் பாதை பலவீனமாகிவிடும். பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும், ரக்கூன் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். 'மே மாதம் நன்றாக இருந்தது, ஆகஸ்டில் மெஷின் கெட்டுவிட்டது' என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் எர்த்தைப் பார்க்க வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள எர்த் கம்பியை ஒரு மீட்டராவது ஆழத்தில் அடியுங்கள். அடிக்கும் இடம் உங்கள் சொட்டுநீர்க் குழாய் ஒழுகுகிற ஈரமான மூலையாக இருக்கட்டும். வீட்டு மின் எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், தண்ணீர்க் குழாயோடு இணைக்கக் கூடாது. அப்படியும் மண் வறண்டு கிடந்தால் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றை இழுத்து அதை எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். ஏறப் பார்க்கும் ரக்கூன் இரண்டையும் ஒருசேரத் தொடும், மண்ணின் தயவு தேவைப்படாது.

கம்பிக்கு அடியில் புல் வளர விடாதீர்கள். இரவில் மட்டும் ஓடினால் போதும், பகலில் அணைத்துவிட்டால் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் பாதி போகும். அப்புறம், கதிரில் பால் பிடிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே வேலியை ஓட விடுங்கள். ருசி கண்ட ரக்கூனை நிறுத்துவது கஷ்டம்.

கேள்வி: ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளர் வாங்கினால் ரக்கூனும் ஓடும், செடிக்கும் தண்ணீர் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்தானே?

பதில்: ஒரு மாங்காய்கூட முழுசாக விழாது. அது பீய்ச்சுவது சில விநாடிகள்தான், இலை நனையும், வேருக்குப் போகாது. இரவில் இலை ஈரமாக இருப்பது தக்காளிக்கும் வெள்ளரிக்கும் பூஞ்சை நோயை அழைப்பதுதான். விரட்டுவதிலும் முதல் சில வாரம் நன்றாகவே வேலை செய்யும், பிறகு பழகிவிடும். இரண்டு நாளைக்கு ஒரு முறை இடம் மாற்றி வைத்தால் கொஞ்சம் கூடுதல் நாள் ஓட்டலாம். சொல்லாமல் விடுகிற செலவு ஒன்று உண்டு: ராத்திரி முழுக்கக் குழாய் திறந்தே இருக்க வேண்டும். மலிவான ஹோஸ் அந்த அழுத்தத்தில் பிளந்தால், வறட்சி மாதத்தில் தண்ணீர் ரசீது உங்களை விரட்டும்.

கேள்வி: புதிதாக நட்ட நாற்றுகள் காலையில் பிடுங்கிக் கிடக்கின்றன. ஆனால் எதையும் தின்னவில்லை. மூடாக்கையும் புரட்டிப் போட்டிருக்கிறது. வலை வாங்கட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சாயங்காலம்தானே தண்ணீர் விடுகிறீர்கள்? சுற்றிலும் தரை காய்ந்து கிடக்கும்போது உங்கள் பாத்தி மட்டும் ராத்திரி ஈரமாக இருந்தால், மண்புழுவும் வண்டுப் புழுவும் மேலே வரும். ரக்கூன் அவற்றைத்தான் தேடுகிறது, நாற்று குறுக்கே நின்ற பாவம். தண்ணீர் விடுவதை விடியற்காலைக்கு மாற்றுங்கள். வெயிலில் ஆவியாவதும் குறையும், இரவுக்குள் மேல்மண் காய்ந்தும் இருக்கும். நட்ட சமயத்தில் மீன் அமிலமோ எலும்புத்தூளோ ரத்தத்தூளோ போட்டிருந்தால் அதன் வாசனைக்கே வந்து தோண்டும். கொஞ்ச நாளைக்கு நன்கு மட்கிய தாவர உரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்தும் தோண்டினால், அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை) வாங்கி நாற்றைச் சுற்றிப் படுக்கப் போட்டு முளை அடித்துவிடுங்கள். கோழிக்கூண்டு வலை மலிவாக இருக்கிறது என்று போகாதீர்கள், அதை வளைத்துக் கிழிக்க ரக்கூனுக்குக் கை போதும். பிளாஸ்டிக் பறவை வலை அதைவிட மோசம், பாம்பும் குருவியும் சிக்கிச் சாகும்.

கேள்வி: சோக்கர் ஹோஸ், டிரிப் டேப், டிரிப் பைப் என்று மூன்று விதம் இருக்கிறது. மழை இல்லை, தண்ணீர்க் கட்டுப்பாடும் வந்துவிடும் போலிருக்கிறது. எதை எடுப்பது? எவ்வளவு நேரம் விடுவது?

பதில்: கெட்டியான சுவருள்ள, துளை வழியே சொட்டும் டிரிப் பைப்பை எடுங்கள். சோக்கர் ஹோஸ் என்பது நீளம் முழுக்கக் கசியும் குழாய், அது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அதிகமாகவும் கடைசியில் குறைவாகவும் கசியும், வெயில் பட்டால் வெடிக்கும். டிரிப் டேப் மெல்லியது, தாகத்தில் அலையும் பிராணிகள் கடித்துவிடும். கிட்டாக வாங்கினால் உள்ளே ஃபில்டர், தண்ணீர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டர், தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விலை குறைவான கிட்டில் பெரும்பாலும் ரெகுலேட்டர்தான் காணாமல் போயிருக்கும். அது இல்லாவிட்டால் இணைப்புகள் பட் பட் என்று பிடுங்கிக்கொள்ளும்.

நேரத்துக்குக் கணக்கு எளிது. காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்கு சுமார் 2.5 செ.மீ. தண்ணீர், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் வேண்டும். 30 செ.மீ.க்கு ஒரு துளை, துளைக்கு மணிக்கு 2 லிட்டர், பைப்புகளுக்கு இடையே 30 செ.மீ. என்றால் ஒரு மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு 22 லிட்டர் விழும். ஆக வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கடும் வெயிலில் ஒன்றரை மணி வரை போகலாம். களிமண் என்றால் இரண்டு தவணை, மணல் என்றால் மூன்று. தினமும் பத்து நிமிடம் விடாதீர்கள், வேர் மேலேயே நின்றுவிடும். பைப்பின் மேல் வைக்கோலோ காய்ந்த இலையோ ஒரு சாண் இல்லாவிட்டாலும் அரைச் சாண் போடுங்கள். சோளத்துக்கு மட்டும் பட்டுநூல் வரும் சமயத்தில் தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டாம். கட்டுப்பாடு வந்தால் ஸ்பிரிங்க்ளரைத் தடை செய்து சொட்டுநீரை விட்டுவைக்கும் ஊர்கள் உண்டு, உங்கள் ஊர் விதியைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஜெல் மணிகள் வாங்கலாமா?

பதில்: தரையில் போட வேண்டாம். உரத்தில் இருக்கும் உப்பு பட்டால் அவை உறிஞ்சும் அளவு நன்றாகக் குறைந்துவிடும். அந்தக் காசுக்கு மட்கு உரம் வாங்குங்கள். சின்னப் பாத்தி என்றால் பூச்சு இல்லாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பினாலே சுற்றியுள்ள செடிகளுக்குக் கசிந்துகொண்டிருக்கும். மூடியின் மேல் கனமான கல் வையுங்கள், இல்லாவிட்டால் ரக்கூன் கைகழுவ வந்துவிடும்.

கேள்வி: தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அமுங்கிப் போகிறது. கால்சியம் ஸ்பிரே அடிக்கச் சொன்னார்கள்.

பதில்: பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். தண்ணீர் ஒரே சீராகக் கிடைக்காததால் அது பழத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. சொட்டுநீர் டைமரைச் சரியாக வையுங்கள், அடுத்து வரும் காய்கள் நன்றாக இருக்கும். ஸ்பிரே வேண்டாம்.

கேள்வி: ரக்கூனைப் பிடிக்கும் கூண்டு வாடகைக்குக் கிடைக்கிறது. பிடித்துத் தூரமாகக் காட்டில் விட்டுவிடலாமே?

பதில்: பல இடங்களில் அது குற்றம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடக் கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ரேபீஸ் அபாயம் வேறு இருக்கிறது. கோடையில் மாட்டுவது தாயாக இருந்தால் குட்டிகள் எங்கேயோ பசியில் கிடக்கும். ஒன்றைக் கொண்டுபோய் விட்டாலும் காலி இடத்துக்கு இன்னொன்று வரும்.

கூண்டைவிட அவசரமான விஷயம் ஒன்று. ரக்கூன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும். அதில் ஒரு வகை உருண்டைப்புழுவின் முட்டை இருக்கலாம், மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளை வரை பாதிக்கும். முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், பிறகு மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். அதனால் பார்த்த அன்றே கையுறையும் முகக்கவசமும் போட்டு அள்ளி, பையில் கட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். பிளீச் அந்த முட்டையைக் கொல்லாது, அதற்காக ஒரு பாட்டில் வாங்க வேண்டாம்.