வெள்ளிக் கோளின் கதைகளுள் மூலக்கதை எது?

வணக்கம். பாபிலோனில் இஷ்தார் என்னும் தேவி, மத்திய அமெரிக்காவின் பழங்குடியினரான மாயர்களிடம் போர்த் தெய்வம், புராணங்களில் அசுரகுரு என வெள்ளிக் கோளைப் பற்றிய கதைகள் முரண்படுவதால், மூலக்கதை எதுவென்று தெரியாமல் உங்கள் கட்டுரை பாதியில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். மூலக்கதையைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்தக் கோள் வானில் நடந்துகொள்ளும் விதத்திலிருந்து தொடங்குங்கள்.

மாலையில் மேற்கே மாதக்கணக்கில் ஒளிரும் வெள்ளி, பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வரும்போது ஏறத்தாழ 8 நாட்கள் கண்ணில் படாமல் மறைந்து, பின்பு விடியலில் கிழக்கே எழுகிறது. சுமேரியரின் தேவி இனன்னா பாதாளத்தில் இறங்கி மாண்டு மீள்வதை ஆய்வாளர் சிலர் இந்த மறைவோடு இணைக்கின்றனர். சிவன் விழுங்கிய அசுரகுரு உசனஸ் வெளிவந்து சுக்கிரன் ஆன கதையையும் அதன் அருகில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நானாக இருந்தால் மாயர்களுக்கே அதிக இடம் ஒதுக்குவேன். மாயர்களின் பழைய நூலான டிரெஸ்டன் சுவடி, வெள்ளியின் 584 நாள் சுழற்சியை விடியலில் தெரியும் 236, மறையும் 90, மாலையில் தெரியும் 250, மீண்டும் மறையும் 8 நாட்கள் எனப் பிரித்து, அத்தகைய 5 சுழற்சிகளை 365 நாள் கொண்ட 8 ஆண்டுகளோடு பொருத்துகிறது; அதே ஏடுகளில், விடியலில் மீண்டெழும் தெய்வம் ஈட்டி எறிவதும், அது பாய்ந்தவர் கீழே கிடப்பதும் வரையப்பட்டுள்ளன. இவ்வளவு நுட்பமான கணக்கு, எச்சரிக்கைக்காகவும் போடப்பட்டது என்பதை அந்த ஓவியங்களே காட்டுகின்றன.

கிரேக்கர்களுக்கு ஒரு பத்தி போதும். காலையில் தெரிவதை பாஸ்பரஸ் என்றும், மாலையில் தெரிவதை ஹெஸ்பெரஸ் என்றும் அழைத்த அவர்கள், தங்கள் காதல் தேவி அப்ரோடைட்டியோடு அதை இணைத்தது பிற்காலத்தில், பாபிலோனியரின் தாக்கத்தால்தான்; ஆகவே பாபிலோனின் இஷ்தாரை முதலில் எழுதிவிட்டு அவர்களிடம் வாருங்கள்.