எஞ்சினை விடுங்கள், தகரத்தையும் தாளையும் பாருங்கள்

கேள்வி கேட்டவர் கொழும்பில் இருக்கிறார். முதல் தடவையாகப் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கப் போகிறார். மாருதி ஆல்ட்டோ, விவா எலைட், பழைய விட்ஸ், இந்த மூன்றில் ஒன்று. கார் பற்றி ஒன்றும் தெரியாது, போய் எதைப் பார்ப்பது என்று கேட்கிறார்.

நான் மெக்கானிக் இல்லை. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இதுவரை மூன்று பழைய கார் வாங்கியிருக்கிறேன். சொந்தக்காரர், கூட்டாளிகள் என்று மற்றவர்களுக்காகப் போய்ப் பார்த்தது இருபதுக்கு மேல் இருக்கும். அந்த முதல் காரில் வசமாக மாட்டிக்கொண்டவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

கார் பார்க்கப் போகும் எல்லோரும் முதலில் பொனட்டைத் திறக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் சின்னக் காரில் எஞ்சினுக்கு அவ்வளவு பயப்படத் தேவையில்லை. ஆல்ட்டோ 800இல் இருப்பது 796 சீ.சீ., மூன்று சிலிண்டர். எந்தச் சந்தியில் இருக்கும் பாஸும், அதாவது மெக்கானிக்கும், கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். பஞ்சிகாவத்தைக்குப் போனால் புதுச் சாமானும் கிடைக்கும், கழற்றின சாமானும் கிடைக்கும். செலவு வலிக்கும், ஆனால் ஒருநாள் முடியும். தகரம் கறல் (துரு) பிடித்தால் அப்படியில்லை. வெட்டி ஒட்டினாலும் அடுத்த மாரிக்குப் பக்கத்தில் கிளம்பும். தாள், அதாவது காரின் பத்திரங்கள், பிழைத்தால் எந்தப் பாஸாலும் திருத்த முடியாது.

முதலில் தகரம். விலை கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது, "இரவில் கார் எங்கே நிற்கிறது?" என்றுதான். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று காலி வீதிக்குக் கடற்பக்கம் உள்ள ஒழுங்கைகளில் வெளியில் நிற்கும் காருக்கு இரவு முழுக்க உப்புக்காற்றுதான். மரைன் டிரைவ் பக்கம் ஒரு கிழமை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை விரலால் தொட்டு நக்கிப் பாருங்கள், விளங்கும்.

நான் மாட்டிக்கொண்ட அந்த முதல் கார், ஓர் ஆல்ட்டோ, அந்தப் பக்கத்துக் கார்தான். வெள்ளை நிறம், பொலிஷ் அடித்து முகம் பார்க்கலாம் போல இருந்தது. வாங்கி இரண்டு மாதத்தில் பெருமழை. டிக்கிக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தம். விரிப்பைத் தூக்கி, ஸ்பெயார் சக்கரத்தை எடுத்துவிட்டு, அந்தக் குழியின் அடியைப் பெருவிரலால் அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கி, விரல் கீழே ரோட்டைப் பார்த்தது. விற்றவர் மேலே எல்லாவற்றையும் மினுக்கியிருந்தார். நான் தூக்கிப் பார்க்காத ஒரே இடம் அந்த விரிப்பு.

அதனால் நீங்கள் மினுக்காத இடங்களைப் பாருங்கள். கதவுகளைத் திறந்து அடி விளிம்பைத் தடவுங்கள், தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் அங்கேதான் இருக்கும், கறலும் அங்கேதான் தொடங்கும். சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவின் உள்மடிப்பு. முன்னால் ஷொக் அப்சோர்பர் மேலே வந்து பூட்டியிருக்கும் இடம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். காரின் வெளித்தகரத்தில் அங்கங்கே வைத்துப் பாருங்கள். இரும்புத் தகரத்தில் அது நழுவி விழுந்தால் உள்ளே கட்டலோய், அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, தடிப்பாகப் பூசியிருக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக், அதில் வைத்துவிட்டுத் திகைக்க வேண்டாம். முன் மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் அதை ஒருதரம் கழற்றியிருக்கிறார்கள். கழற்றுவது குற்றமில்லை, ஏன் என்று கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிய ஹெட்லைட் என்றாலும் அதே கேள்விதான்.

வெள்ளம் தனிக்கதை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கியது நினைவிருக்கும். 2025 நவம்பரில் திட்வா புயலோடு திரும்பவும் வந்தது. தண்ணீரில் நின்ற கார்கள் எல்லாம் எங்கேயும் போய்விடவில்லை, கழுவிக் காயவைத்து விற்பனைக்கு வருகின்றன. வத்தளைப் பக்கம் மாமாவுக்காக ஒரு வேகன் ஆர் பார்க்கப் போனோம். உள்ளே வாசனைத் திரவியம் தலைக்கேறும் அளவுக்கு. நான் பின் இருக்கை பெல்ட்டை இழுத்தேன், முடியும் வரை இழுத்தேன். கடைசி இரண்டடி மட்டும் சேற்று நிறம்.

விற்பவர் உடனே, "அது பிள்ளை தேத்தண்ணி ஊத்தினது தம்பி" என்றார்.

தூணுக்குள் சுருண்டு கிடக்கும் பெல்ட்டுக்குள் பிள்ளை எப்படித் தேத்தண்ணி ஊற்றியது என்று மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். "போட்டு வாறம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அந்த ஹைபிரிட் வேகன் ஆரில் லித்தியம் பற்றரி இருப்பது முன் பயணி இருக்கைக்குக் கீழே. அங்கே தண்ணீர் ஏறியிருந்தால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடிய ஏழு மணிக்குப் போங்கள், "ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம்" என்று முதல்நாளே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ மறைக்கிறார்கள். பின்னால் நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. மூன்று சிலிண்டர் கார் நின்ற இடத்தில் கொஞ்சம் நடுங்கும், அதற்குப் பயந்து ஓடாதீர்கள். ஏசியைப் போட்டுவிட்டு மத்தியான நெரிசலில் காலி வீதியில் இருபது நிமிடம் ஊருங்கள், சூடேறுகிற கார் அங்கே பிடிபடும். ஓட்டோ கியர் விட்ஸ் என்றால் ஏற்றம் ஒன்று வேண்டும். கொழும்பில் ஏற்றத்துக்கு எங்கே போவது, தெஹிவளை மேம்பாலம்தான். நடுவில் உதறினாலோ, எஞ்சின் கத்தியும் கார் போகாவிட்டாலோ விட்டுவிடுங்கள். எஞ்சினுக்குப் பயப்படாதீர்கள் என்று நான் சொன்னது ஓட்டோ கார்களில் வரும் சீ.வீ.ரி. கியர்பொக்ஸுக்குப் பொருந்தாது.

மீட்டரில் காட்டும் கிலோமீற்றரை நான் படிப்பதே இல்லை. பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும் கார் நாற்பதாயிரம் ஓடியது என்றால் யார் நம்புவது? ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது கிழமையில் செய்தது. ஸ்பெயார் ரயரையும் பாருங்கள், அது காரோடு வந்ததா என்று அந்த இலக்கம் சொல்லும்.

இனித் தாள். சீ.ஆர். புத்தகத்தின், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழின், மூலப்பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள், போட்டோக்கொப்பி போதாது. தயாரித்த வருடமும் முதலில் பதிந்த திகதியும் வேறு வேறு. ஜப்பானில் ஓடிவிட்டு வந்த காரைப் பதிந்த வருடத்தைச் சொல்லியே விற்பார்கள், நீங்கள் தயாரித்த வருடத்துக்கு விலை பேசுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீங்கும் வரை முழுக்காசையும் கொடுக்காதீர்கள். சேசிஸ் இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் விட மோசமானது 'ஓப்பன் பேப்பர்'. வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல், பழைய உரிமையாளர் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திரும்பவும் விட்டது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் புதுக் கார் வரத்து இல்லை, இருந்த கார்களே கை மாறின. என் அத்தான் அப்படி ஒரு விவா வாங்கினார், மூன்றாவது கை. புத்தகத்தில் பெயர் இருந்தவர் அதற்குள் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். படிவத்தில் இருந்த கையெழுத்து பொருந்தவில்லை. அவரைத் தேடிப் பிடித்து, புதிதாகக் கையெழுத்து வாங்கி முடிக்க எட்டு மாதம். அதுவரை அத்தான் வீதியில் பொலிஸைக் கண்டால் பாதையை மாற்றுவார். புத்தகத்தில் பெயர் உள்ளவர் அடையாள அட்டையோடு முன்னால் வந்து நின்றால்தான் காசு என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கே போங்கள், விடியவே போங்கள்.

இவ்வளவும் நீங்களே பார்த்துப் பிடித்திருந்தால் மட்டும் இரண்டாவது நாள் ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் "எங்கட பாஸ் இருக்கிறார், நல்ல மனுசன்" என்பார். வேண்டாம். உங்கள் ஒழுங்கையில் யாருடைய கார் நன்றாக ஓடுகிறது என்று பார்த்து, அவர் போகும் கராஜில் கேளுங்கள். பாஸுக்கான காசைப் போகும் வழியிலேயே கொடுத்துவிடுங்கள். கார் எடுத்தால் தருகிறேன் என்று சொன்னால், எடுக்கச் சொல்லித்தான் வாய் வரும்.