மிச்சிகன் முதல் நியூ ஜெர்சி வரை

கேள்வி: பல்கலைக்கழகங்கள் தமக்குள் போட்டியிடச் சேர்ந்து அமைத்த அமெரிக்க விளையாட்டுக் கூட்டமைப்புகள் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததில் அவற்றின் தலைமை நிர்வாகிகளான ஆணையர்களுக்கு உண்மையிலேயே பங்கு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அது ஆணையிடும் அதிகாரமன்று. புதிய உறுப்பினரைச் சேர்ப்பதைப் பல்கலைக்கழகத் தலைவர்களின் வாக்கே முடிவு செய்வதால், அவர்களை இணங்க வைப்பதே ஆணையரின் முதன்மைப் பணி. 1896-இல் தோன்றிய ‘பிக் டென்’ கூட்டமைப்பை 1989 முதல் முப்பது ஆண்டுகள் நடத்திய ஜிம் டெலானி, 2007-இல் ஃபாக்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தனித் தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கினார். கேபிள் நிறுவனங்கள் சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்து மாதந்தோறும் கட்டணம் செலுத்தியதால், புதிய மாநிலம் ஒன்று சேர்ந்தால் வருவாயும் உயர்ந்தது. 2014-இல் வாஷிங்டனை அடுத்துள்ள மேரிலாந்து பல்கலைக்கழகமும் நியூயார்க்கை அடுத்த நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்க்கப்பட்டதற்கு, ஆடுகளத்தில் அவை பெற்ற வெற்றிகளைவிட (ரட்கர்ஸுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள அதிகமில்லை) வாஷிங்டன், நியூயார்க் வட்டாரங்களில் கேபிள் இணைப்புள்ள வீடுகளே காரணம் எனலாம்.

இதற்கு மாறாக, மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் ‘பேக்-12’ கூட்டமைப்பு 2012-இல் பங்காளி எவருமின்றித் தன் அலைவரிசையைத் தொடங்கி, பெரிய செயற்கைக்கோள் நிறுவனமான டைரக்டிவியில் இடம்பெறாமலே போனது. 2024-இல் அதன் பன்னிரண்டு உறுப்பினர்களில் பத்துப் பேர் வெளியேற, லாஸ் ஏஞ்சலஸின் இரு பல்கலைக்கழகங்கள் உட்பட அவர்களுள் நால்வரைச் சேர்த்துக்கொண்ட பிக் டென் 18 உறுப்பினர்களைக் கொண்டதாயிற்று. கைப்பந்து ஆடும் லாஸ் ஏஞ்சலஸ் மாணவி, கல்லூரி நாட்களில் நியூ ஜெர்சி வரை பறக்க நேர்வதை இந்தக் கணக்கில் எவரும் சேர்த்ததாகத் தெரியவில்லை.