‘ஆன் ஸ்பெக்’ என்று கேட்டால் உடனே சரி சொல்லலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே லோகோ, பாக்கெட் டிசைன் செய்து கொடுக்கிறேன். லண்டன் கிளையண்ட் ஒருவர், “மூன்று டிசைன் ஆன் ஸ்பெக் செய்து தர முடியுமா?” என்று மெயில் அனுப்பினார். அவர் தந்த அளவுப்படி செய்யச் சொல்கிறார் என்று நினைத்துச் சரி என்று எழுதிவிட்டேன். அட்வான்ஸ் கேட்டால் மழுப்புகிறார். ஸ்பெக் என்றால் ஸ்பெசிஃபிகேஷன்தானே?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அந்தப் பொருளும் உண்டு. ஆனால் உங்களுக்கு வந்த மெயிலில் ‘ஸ்பெக்’ என்பது ஸ்பெகுலேஷனின் சுருக்கம்; அதாவது பலன் வரலாம் என்று நம்பி, உறுதி இல்லாமலே இறங்குவது. வேலையை முதலில் முடித்துக் காட்டுங்கள். பிடித்தால் பணம், பிடிக்காவிட்டால் ஒன்றும் கிடையாது. ‘ஆன் ஸ்பெக்’ என்றால் இதுதான்.

நீங்கள் குழம்பியதில் வியப்பே இல்லை. நம் ஊரில் எஸ்பி ரோட்டில் லேப்டாப் வாங்கப் போனால், “ஸ்பெக் என்ன வேணும்?” என்பார்கள். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று நாமும் சொல்வோம். கமர்ஷியல் ஸ்ட்ரீட் கண்ணாடிக் கடையில் ‘ஸ்பெக்ஸ்’ என்றால் மூக்குக் கண்ணாடி. ஸ்பெகுலேஷன் என்ற மூன்றாவது பொருள் நம் காதில் விழுவதே அபூர்வம். மூன்றுமே ‘பார்’ என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

தமிழில் ‘அளவுப்படி’ என்று சொல்லின் பின்னால் ஒட்டுவதை ஆங்கிலம் முன்னால் வைக்கிறது. அந்த முன்சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். ‘டு ஸ்பெக்’ என்றால் சொன்ன அளவுப்படி. பீனியா பட்டறையில் ஒரு பீஸ் அனுமதித்த அளவைவிட 0.05 மில்லிமீட்டர் கூடிவிட்டாலும் ‘அவுட் ஆஃப் ஸ்பெக்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். ‘ஆன்’ வந்துவிட்டால் மட்டும் பேச்சு அளவைப் பற்றியது அல்ல, காசைப் பற்றியது. ஹாலிவுட்டில் யாரும் கேட்காமலே எழுதி விற்கப் பார்க்கும் திரைக்கதை ‘ஸ்பெக் ஸ்கிரிப்ட்’. அமெரிக்காவில் வாங்க ஆள் வருமுன்பே பில்டர் கட்டும் வீடு ‘ஸ்பெக் ஹவுஸ்’.

உங்கள் கிளையண்ட் ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல மாட்டேன்; அவர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ஆனாலும் இந்த முறை நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. மூன்று டிசைனுக்கு ஒரு வாரம் போகும். அந்த வாரத்துக்கு யார் கூலி தருவது? அமெரிக்க டிசைனர்களின் சங்கமான ஏஐஜிஏகூட இப்படிப்பட்ட வேலையை ஊக்குவிப்பதில்லை.

இன்னும் ஃபைல் எதுவும் அனுப்பவில்லை என்றால் இன்றே எழுதிவிடுங்கள்: “ஐ மிஸ்அண்டர்ஸ்டுட் ‘ஆன் ஸ்பெக்’. ஐ டோன்ட் வொர்க் ஆன் ஸ்பெக், பட் ஐ கேன் ஸ்டார்ட் வித் ஒன் பெய்ட் ஸ்கெட்ச்.” மன்னிப்பு நீளமாக வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தாலும் பயப்படாதீர்கள். பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையொப்பமும் வேண்டும் என்பது இந்தியாவின் 1957 சட்டத்திலும் இங்கிலாந்தின் 1988 சட்டத்திலும் உண்டு. காசும் வாங்காமல் கையெழுத்தும் போடாமல் அனுப்பிய டிசைன் உங்களுடையதுதான்.

கொட்டேஷனில் மட்டும் ‘ஸ்பெக்’ என்று சுருக்காமல் ‘ஸ்பெசிஃபிகேஷன்’ என்றே முழுதாக எழுதுங்கள்.