பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒரு தோட்டம்

வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். மதுரை அழகர்கோவில் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் பதினைந்து சென்டில் வீடு கட்டியிருக்கிறோம். சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம், தீபாவளிக்கு ஒரு வாரம், அவ்வளவுதான் அங்கே இருக்க முடிகிறது. செம்மண் பூமி. போர் இருக்கிறது, தண்ணீர் சற்று உப்பு. வரும் சித்திரையில் தென்னை, மா, மல்லிகை, வாசலில் புல்தரை என்று முப்பது செடி வைத்து, டைமரோடு சொட்டுநீரும் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று எண்ணம். இங்கிருந்து ஒரு ரம்புத்தான் கன்றும் கொண்டுவர ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

ஒரு வாசகர், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

சித்திரையில் ஒரு கன்றும் நடாதீர்கள். நட்ட மறுவாரம் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அக்கினி நட்சத்திரம் அங்கேயே இருக்கும். மதுரைப் பக்கம் ஆண்டுக்கு 850 மி.மீ. அளவில்தான் மழை. அதில் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். உங்கள் தீபாவளிப் பயணம் சரியாக அந்த நேரத்தில் வருகிறது. நடவை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மழையில் வேர் இறங்கிய கன்றுதான் முதல் கோடையைத் தாண்டும்.

சித்திரையில் செய்ய வேறு வேலை நிறைய இருக்கிறது. முதலில் வேலி. மழை விட்டதும் பச்சையாக நிற்கும் கன்றை வெள்ளாடு ஒரே மத்தியானத்தில் மொட்டையடித்துவிடும். கல்தூண் ஊன்றி ஐந்தடிக் கம்பி வலை கட்டுங்கள். கேட்டுக்குக் கீழே குட்டி நுழையும் இடைவெளி விடக் கூடாது. மயிலுக்கும் குரங்குக்கும் வேலி ஒரு பொருட்டில்லை. அழகர்மலைப் பக்கம் குரங்கு எதுவரை இறங்குகிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் பழமரத்தை முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, மண்ணையும் தண்ணீரையும் சோதிப்பது. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் விசாரியுங்கள். போர்த் தண்ணீரை அரை மணி ஓடவிட்டுப் பிறகு பாட்டிலில் பிடிக்க வேண்டும். உப்பு அதிகம் என்று வந்தால் மாவை விட்டுவிடுங்கள், அது உப்பைத் தாங்காது. நெல்லி தாங்கும்.

மூன்றாவது குழி. நான் கீழே சொல்லும் மரங்களில் சீத்தாவுக்கு இரண்டடி நீள அகல ஆழம், நெல்லிக்கும் மாவுக்கும் மூன்றடி. மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி, குழியை வெயிலில் காயவிட்டு, கிளம்புவதற்கு முன் மூடிவிடுங்கள். ஆளில்லாத வீட்டில் திறந்த குழி ஆபத்து. மேல்மண்ணோடு குழிக்குப் பத்து கிலோ மக்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணி போட்டால் கரையானையும் வேர்ப்புழுவையும் நாமே கூப்பிட்டு வைத்ததாகும். தரைக்கு மேல் அரையடி மேடாக விட்டால் மழைக்குள் அமர்ந்து சமமாகும்.

முப்பது செடி வேண்டாம், எட்டு மரம் போதும்: சீத்தா நான்கு, நெல்லி இரண்டு, வேம்பு ஒன்று, தண்ணீர் ஒத்துக்கொண்டால் ஒட்டு மா ஒன்று. நெல்லி இரண்டும் வெவ்வேறு ரகமாக இருக்கட்டும், ஒரே ரகம் தனியாக நின்றால் காய்ப்பு குறையும். சீத்தா இலையை ஆடு தொடாது. மாவில் ஒட்டுக்குக் கீழிருந்து துளிர் வந்தால் உடனே கிள்ள வேண்டும். ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் அந்தத் துளிரே மரமாகி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் அழிந்துபோகும். பூவுக்குக் காகிதப்பூவும் நந்தியாவட்டையும் வேலியோரம் தாங்கும்.

தென்னைக்குக் கோடையில் தினமும் ஐம்பது லிட்டருக்கு மேல் வேண்டும். புல்தரைக்குத் தினமும் தண்ணீர், அடிக்கடி வெட்டு. பூட்டிய வீட்டுக்கு இரண்டும் ஆகாது. முருங்கையைக் கவாத்து செய்ய, அதாவது கிளையை வெட்டிவிட, ஆளில்லாவிட்டால் உயர்ந்து காற்றில் முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி சுவரேறி வீட்டுக்குள் வரும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூவின் மேல் உங்களுக்கு உள்ள ஆசை புரிகிறது. ஆனால் அது தினசரி கை படவேண்டிய செடி: விடியலில் மொட்டுப் பறிக்க வேண்டும், கார்த்திகையில் கவாத்து, மொட்டுப்புழுவுக்குக் கண்காணிப்பு. ஒரே ஒரு செடி வையுங்கள், வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் குடும்பம் பூவை எடுத்துக்கொள்ளட்டும். சீத்தாவும் நெல்லியும்கூட அவர்களுக்கே என்று சொல்லிவிடுங்கள். மாதச் சம்பளம் தருவது இருக்கட்டும், பலன் தன் வீட்டுக்கு வருகிறது என்றால்தான் மரத்தை நின்று பார்ப்பார்கள்.

சொட்டுநீரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாடித் தொட்டியிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் மிகக் குறைவு. மணிக்கு நான்கு லிட்டர் என்று எழுதிய சாதாரண டிரிப்பர் (குழாயில் செருகும் சொட்டுவாய்) அதில் இரண்டு லிட்டர்தான் விடும். அழுத்தம் சமன்செய்யும் வகை டிரிப்பர் அதையும் ஒழுங்காக விடாது, வாங்காதீர்கள். மரத்துக்கு இரண்டு டிரிப்பர் வைத்தால் இருபது லிட்டர் இறங்க ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு டிரிப்பருக்கு அடியில் பாத்திரம் வைத்து ஒரு மணி நேரம் அளந்து உறுதிசெய்யுங்கள். எட்டு மரம், மரத்துக்கு இருபது லிட்டர், வாரம் இருமுறை: 320 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி மூன்று வாரம் வரும். டைமர் வாங்கினால் பால் வால்வு (ball valve, உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பித் திறப்பது) வகையாகப் பாருங்கள், மின்காந்தத்தால் திறக்கும் சோலினாய்டு வகைக்கு அழுத்தம் வேண்டும். தொட்டி வாயில் வடிகட்டி கட்டாயம். மாதம் ஒருமுறை பதினாறு மி.மீ. குழாயின் கடைசி மூடியைத் திறந்து அழுக்கு போகும்வரை ஓடவிட வேண்டும். உப்பு படிந்து அடைத்த டிரிப்பரைக் குத்திக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள், சில ரூபாய்தான். கோடையில் தண்ணீருக்காக அணில் குழாயைக் கடிக்கும். அதனால் டைமர் இருந்தாலும் வாரம் இருமுறை ஓர் ஆள் நடந்து பார்த்தே ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் அவரிடம் தோட்டத்தின் படம் கேட்காதீர்கள், சொட்டும் டிரிப்பரின் படம் கேளுங்கள்.

ரம்புத்தான் வேண்டாம். ஆண்டெல்லாம் ஈரக்காற்றில் வளரும் மரம் அது. சட்டப்படியும் கன்று கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்தால் நோயும் கூடவே வரும்.

நட்ட பிறகு மரத்தைச் சுற்றித் தேங்காய் மட்டையைக் குழிவுப் பக்கம் கீழே பார்க்கும்படி பரப்புங்கள். தண்டிலிருந்து அரையடி தள்ளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் கரையான் ஏறும். அடுத்த சித்திரைக்கு நீங்கள் வரும்போது சீத்தா இலையில்லாமல் குச்சியாக நிற்கலாம். கோடையில் இலை கொட்டுவது அதன் இயல்பு. செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாமல் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால், தண்ணீரைக் கூட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.