'வி ஃபார் வெண்டெட்டா' படத்தில் ஈவியை வி சிறையில் அடைத்தது நியாயமா?

நியாயமே இல்லை. சர்வாதிகாரம் நடக்கிற இங்கிலாந்தில் ஆட்சியை எதிர்த்துப் போராடும் முகமூடிக்காரன்தான் வி, அவன் காப்பாற்றுகிற இளம்பெண்தான் ஈவி. படத்தை இப்போதுதான் பார்த்து முடித்திருப்பீர்கள், ஊரே கொண்டாடுகிற நாயகன் நமக்கு மட்டும் ஏன் உறுத்துகிறான் என்று குழம்பியிருப்பீர்கள். உறுத்தத்தான் வேண்டும். (இனி கதை முழுக்க வெளியே வரும். 2006இல் திரைக்கு வந்த படம், முடிவைச் சொல்லிவிட்டாய் என்று சண்டைக்கு வராதீர்கள்.)

எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் சொந்த விஷயம். முதல் வேலையில் எனக்கு மேலே இருந்தவர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, ஆட்குறைப்புப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது, யாரிடமும் மூச்சு விடாதே என்றார். வீட்டில்கூடச் சொல்லாமல், தூக்கம் கெட்டு, பேய் மாதிரி வேலை பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அப்படி ஒரு பட்டியலே கிடையாது. கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, "உன்னைப் பக்குவப்படுத்தத்தான் செய்தேன், இனிமேல் எதற்கும் அசையமாட்டாய் பார்" என்றார். உண்மையில் அதற்குப் பிறகு நான் எதற்கும் பெரிதாக அசைந்ததில்லை. அதுதான் எரிச்சல், அந்தப் பெருமையும் அவர் கணக்கில் போய்விட்டது.

அதனால் ஈவி சிறைக் கதவைத் தாண்டி வந்து, காவலுக்கு நிற்பவன் வெறும் பொம்மை என்று கண்டுபிடிக்கிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். மொட்டையடித்து, பட்டினி போட்டு, கேள்வி கேட்டு வதைத்ததெல்லாம் அரசாங்கம் இல்லை, வி. கேட்டால், உனக்குப் பயம் போய்விட்டது என்கிறான். அதே வசனம்! (அந்த மொட்டை நிஜம், நடாலி போர்ட்மேன் கேமரா முன்னாலேயே தலையை மழித்துக்கொண்டார்.)

சிறையில் ஈவி படிக்கிற வேலரியின் கடிதம் நிஜம்தானே என்று சிலர் கிளம்புவார்கள். நிஜம்தான். அரசாங்கம் முன்பு வி-யை அடைத்து வைத்திருந்த லார்க்ஹில் முகாமில் பக்கத்து அறையில் இருந்த பெண் கழிப்பறைக் காகிதத்தில் எழுதி, சுவர் ஓட்டை வழியாக அவனுக்குக் கொடுத்தது. நானும் அதைக் கேட்டு அழுதவள்தான். ஆனால் ஒரு கடிதத்தைப் படிக்கக் கொடுக்கச் சிறை எதற்கு? கையில் கொடுத்தால் ஆகாதா?

சர்வாதிகாரி சட்லராக வருகிற ஜான் ஹர்ட், '1984' படத்தில் அரசாங்கத்திடம் வதைபட்டு உடைந்துபோகிற வின்ஸ்டனாக நடித்தவர். அங்கே அடி வாங்கியவர் இங்கே அடிக்கிறார். வி-யும் அதே வழிதான், முகாமில் கற்றதை ஈவியிடம் காட்டுகிறான். இதைச் சொன்னால் வி-யின் முகமூடிப் படத்தை முகப்பில் வைத்திருக்கும் புரட்சியாளர்கள் என்னை ஆட்சிக்கு ஜால்ரா என்பார்கள். ஐயா, அந்த முகமூடியின் உரிமை வார்னர் நிறுவனத்திடம் இருக்கிறது, அசலை வாங்கினால் உங்கள் காசில் ஒரு பங்கு அங்கேதான் போகும். போலி வாங்கியவர்கள் தப்பித்தார்கள்.

படம் மோசம் என்று சொல்லவில்லை. நாடாளுமன்றத்தைத் தகர்க்க வெடிமருந்து ஏற்றிய ரயிலை அனுப்புவதா வேண்டாமா என்கிற முடிவைக் கடைசியில் அவன் ஈவியிடமே விட்டுவிடுகிறான், அந்த ஒரு இடத்தில் எனக்கு அவன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. மூலக் காமிக்ஸில் ஈவி கடைசியில் அவன் முகமூடியையே எடுத்து மாட்டிக்கொள்வாள். படத்தில் மாட்டவில்லை, சிறையிலிருந்து வந்ததுமே அவனை விட்டுக் கிளம்பியும் விடுகிறாள். எனக்குப் படத்து ஈவியைத்தான் பிடிக்கும்.